குப்பை நீக்கிப் படிக்கவும்

"டீச்சர், சாமி மட்டும் படிக்கிற மாதிரி ஒண்ண எப்பிடி எழுதறது?"

இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னைக் கேட்டாள். புதுநன்மை, அதாவது முதன்முறை நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகள் ஏசுவுக்கு ஒரு கடிதம் எழுதிவர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவள் எழுதிய கடிதத்தை அவள் அண்ணன் பிடுங்கி, தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து உரக்கப் படித்துவிட்டானாம். சொல்லும்போதே அவளுக்கு உதடு துடித்தது.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல கண்ட குப்பையையும் போட்டு எழுதும்மா. நம்பர் போடு, பூ போடு, கட்டம் போடு. குப்பைய எடுத்துட்டுப் படிக்கிற பொறுமை சாமிக்கு மட்டும்தான் இருக்கு."

அடுத்த வாரம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். எறும்புப் புற்றைக் கிளறிவிட்டதுபோல் இருந்தது. நான் அதைப் படிக்காமலே மடித்துப் பீடத் துணிக்கு அடியில் வைத்தேன். அன்று மாலைக்குள் கேள்வியையும் பதிலையும் மறந்துவிட்டேன்.

இப்போது எனக்கு அறுபது. பெயர் டெல்பின். ஆனால் மயிலாப்பூரில் எங்கள் பங்கில், எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்கெல்லாம், நான் டீச்சர்தான். பதினோரு வருடமாகக் கோயில் அலுவலகத்தில் வேலை. ஞானஸ்நானச் சான்றிதழ், கல்லறைப் பதிவு, ஃபாதர் எழுதும் கடிதங்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இவற்றில் நான் ஆசையோடு செய்வது புதன்கிழமை சகாய மாதா நவநாள் வேலையைத்தான். மக்கள் தங்கள் மன்றாட்டுகளை எழுதி ஒரு மரப்பெட்டியில் போடுவார்கள். செவ்வாய் மதியம் நான் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் தட்டெழுதி, புதன் மாலை வாசிப்பேன். பெயர் சொல்வதில்லை. "வேலை தேடும் மகனுக்காக ஒரு தாய்", "அறுவை சிகிச்சைக்குப் போகும் கணவருக்காக ஒரு மனைவி" என்று அவ்வளவுதான்.

நவநாள் என்றால் ஒன்பது புதன். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அப்படி ஏதாவது புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பங்கில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

போன வருடம் ஆண்ட்ரூ கோயிலுக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்தான். அவனுக்கு இருபத்தேழு வயது. தி.நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டிசைனர். பெட்டிவரை வரமுடியாதவர்கள் போனிலேயே மன்றாட்டு எழுதி அனுப்ப, இணையதளத்தில் ஒரு பக்கம் வைத்தான். பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். எழுதி அனுப்பினால் என் கம்ப்யூட்டரில் வந்து விழும்.

நல்ல பையன் என்று அப்போது எல்லோரும் சொன்னோம். ஆனால் இளைஞர் தியானத்துக்கு அவன் செய்த போஸ்டரைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விழித்திருங்கள்" என்ற சொல், பழுதான டிவியில் தெரிவதுபோல, எழுத்துக்கு எழுத்து நடுவில் எண்ணும் கோடும் கட்டமும் புகுந்து சிதறிக் கிடந்தது. கீழே ஒரு இணைப்பு. அதில் போய் எதை எழுதினாலும் அதே மாதிரி சிதைத்துத் திருப்பித் தரும். இளைஞர்கள் ஒரு மாதம் தங்கள் பெயர்களைச் சிதைத்து விளையாடினார்கள். பங்குப் பேரவைச் செயலர் விக்டர், "கோயில் கேட்டுல பேய் எழுத்தா?" என்று இரண்டே நாளில் போஸ்டரைக் கழற்ற வைத்தார்.

விக்டர் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் பச்சை மைப் பேனாதான். எதையும் சந்தேகப்படுவார், அதற்குக் காரணமும் உண்டு. போன வருடம் அவருக்கு ஒரு போன் வந்தது. போலீஸ் என்று மிரட்டி மூன்று மணி நேரம் அவரை அறையை விட்டு அசையவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகள் மர்சலின் வீட்டுக்கு வந்து, போனைப் பிடுங்கி அணைத்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. அந்த மருமகளை அவர் தலையில் வைத்துக் கொண்டாடுவார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் எனக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார். "மருமகளோட அண்ணன் துபாய்லருந்து அனுப்பிக்கீறான். சாப்பிடுங்க டீச்சர், சும்மா சக்கர!"

ஜனவரி முதல் வாரம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால் மணிக்கு, மன்றாட்டுப் பக்கத்தின் வழியாக முதல் எழுத்து வந்தது.

எ▓7#ன்§▒ அ%9▓ண்¤#ண▒3ன்§&…

இப்படியே பத்து வரி. நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஏதோ பூச்சி புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். உடனே விக்டருக்குப் போன் செய்தேன்.

"தொடாதீங்க!" என்றார். "எதையாவது அமுக்கினீங்க, பதிவேடு பூரா போயிடும். ஆதாரத்துக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக்கினு அழிச்சிடுங்க."

அப்படியே செய்தேன். அடுத்த செவ்வாயும் இரண்டேகாலுக்கு வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. விக்டர் ஒரு ஃபைல் போட்டு, மேலே பச்சை மையில் "ஆதாரம்" என்று எழுதினார். தாள்கள் அதில் சேர்ந்தன. கம்ப்யூட்டரிலிருந்து அழிந்தன. புதன்கிழமைகளில் மற்ற மன்றாட்டுகளை மட்டும் வாசித்தேன்.

நான்காம் வாரம் விக்டர் கேட்டார். "யாரு வேலையா இருக்கும் டீச்சர்? உங்களுக்கு யாரு மேலயாவது டவுட் கீதா?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "இந்த எழுத்து ஆண்ட்ரூ போட்ட போஸ்டர் மாதிரியே இருக்குது."

நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அதன் பிறகு விக்டருக்கு வேறு பெயரே தேவைப்படவில்லை. எனக்கும்தான். போஸ்டரைக் கழற்றிய கோபத்தில் பையன் மாதாவின் நவநாளையே கேலி செய்கிறான் என்று நான் முழுதாக நம்பினேன். பூசையில் அவன் போனை எடுத்தால் திரும்பிப் பார்த்தேன். நற்கருணை வாங்க வந்தால், இவன் எந்த மனதோடு வருகிறான் என்று எண்ணினேன். "டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று அவன் கேட்டால், எதற்காகக் கேட்கிறான் என்று தோன்றியது. ஒருவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பதுகூடக் குற்றமாகிவிடுகிறது.

ஐந்தாம் வாரம் நானே ஒரு பொறி வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிரிண்டரின் ஒயரைப் பின்னால் லேசாகக் கழற்றிவிட்டு, "ரிப்பேர் ஆயிடுச்சுப்பா, செவ்வாய் மதியம் வந்து பார்க்கிறியா?" என்று கேட்டேன். கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தான். பிரிண்டரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கை முழுக்க மையோடு அவன் குனிந்திருந்தபோது இரண்டேகால் ஆனது. எழுத்து வந்து விழுந்தது.

அவன் போன் என் மேசைமேல்தான் இருந்தது. அவன் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் மட்டுமே இருந்தது.

விக்டரிடம் சொன்னேன். "அவன் என் எதிர்லதான் இருந்தான். அவன் இல்லபோல இருக்கே."

"டைமர் வெச்சிருப்பான் டீச்சர்," என்றார் விக்டர். "இந்தக் காலத்துப் பசங்கள உங்களுக்குத் தெரியாது. உங்க எதிர்ல குந்திக்கினே அனுப்புவான். அதான் கில்லாடி வேல."

நான் அதையும் நம்பினேன். அவன் குற்றமற்றவன் என்பதற்கு நானே தேடிய சாட்சியை, அவனுக்கு எதிரான சாட்சியாக மாற்றி ஃபைலில் வைத்தோம்.

கோயில் வாசலில் மெழுகுத்திரி விற்கும் ஜைதூன் பீ மட்டும் ஒருநாள் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னா டீச்சரம்மா, அந்த ஆண்ட்ரூ புள்ளயப் போலீஸ்ல குடுக்கப் போறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"விக்டர் நைனா சத்தமாப் பேசினா பீச் வரைக்கும் கேக்கும். நான் ஒண்ணு சொல்றேன். மெட்ரோக்காரன் ரோட்ட நோண்டினதுலருந்து என் வண்டி உள்ள வர மாட்டேங்குது. தெனம் காலீல அந்தப் புள்ளதான் என் பொட்டியத் தூக்கியாந்து இங்க வெச்சிட்டு பஸ் புடிக்க ஓடுது. ஒருநாள் கூட ஒரு திரி சும்மா கேட்டதில்ல. இதான் எனக்குத் தெரியும். மத்தது உங்க சாமிக்குத் தெரியும்."

நான் உள்ளே போய்விட்டேன். கூட்டமாகச் சேர்ந்து சொல்கிற பெரிய பேச்சைவிட இந்தச் சின்ன உதவிக்குத்தான் எடை அதிகம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குத் தேவைப்பட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஏழாம் வாரம், வியாழக்கிழமை, ஆண்ட்ரூ ஒரு மனுவோடு வந்தான். அவன் வேலை பார்க்கும் கடையை மாத முடிவில் மூடுகிறார்கள். அடையாறில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலை இருக்கிறது. பங்குத்தந்தையின் நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மாவும் அவனும் மட்டும் உள்ள வீடு அது. வேறு சம்பளம் கிடையாது.

கடிதத்தை நானே தட்டெழுதினேன். விக்டர் அதை ஃபாதர் மேசைக்குப் போகவிடவில்லை. "மாதாவைக் கிண்டல் பண்றவனுக்கு நன்னடத்தையா? பேரவை ஒத்துக்காது" என்றார். ஃபாதர் மேத்யூ நல்லவர். ஆனால் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "அடுத்த செவ்வாய் சாயங்காலம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவோம்" என்று தள்ளிவைத்தார்.

எட்டாம் செவ்வாயும் இரண்டேகாலுக்கு எழுத்து வந்தது. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது விக்டர் ஆண்ட்ரூவை அலுவலகத்துக்கு வரவழைத்தார். ஃபைலைத் திறந்து அவன் முன்னால் தள்ளினார்.

"இது இன்னா நைனா?"

ஆண்ட்ரூ தாள்களைப் பார்த்தான். "இது போஸ்டருக்கு நான் செஞ்ச பக்கத்துல சிதைச்ச எழுத்துதான் அங்கிள். இந்தக் கட்டம், இந்தக் கோடு எல்லாம் நான் போட்டது. ஆனா இத நான் எழுதல."

"கேட்டீங்களா டீச்சர், ஒத்துக்கினான்!"

"எழுதினேன்னு சொல்லல அங்கிள். அந்தப் பக்கத்துல யாரு வேணா எழுதலாம். யாருன்னு எனக்கே தெரியாது." அவன் விரல் நகத்தை வரிமேல் மெல்ல நகர்த்தினான். உதடு அசைந்தது. மூன்றாவது வரியில் நகம் நின்றது. அவன் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"இன்னா எழுதிக்கீது?" என்றார் விக்டர்.

"மன்றாட்டு."

"இன்னா மன்றாட்டு?"

"அத நான் சொல்றதுக்கில்ல அங்கிள். டீச்சர் படிக்கட்டும். பொட்டியத் தொறக்கிறது அவங்கதான?"

"பாருங்க டீச்சர், படிக்கத் தெரியுது, சொல்ல மாட்டேங்குறான். எழுதினவனுக்குத்தான படிக்கத் தெரியும்?"

"தமிழ் எழுத்த மட்டும் விட்டுட்டு மத்தத அடிச்சிட்டா யாரு வேணா படிக்கலாம் அங்கிள்."

"எனக்கு அனா ஆவன்னா சொல்லித் தர்றியா நீ? சரி, ராத்திரி கண்ணாடியப் போட்டுக்கினு நானே குந்தி அடிக்கிறேன். யாருன்னு கண்டுபுடிக்காம விட மாட்டேன்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரம். "ஆறு மணிக்கு ஃபாதர் ரூமுல உக்கார்றோம். ஃபைலப் பத்திரமா வெச்சிருங்க டீச்சர்."

அவர் போனதும் ஆண்ட்ரூவும் எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பினான். "டீச்சர், எனக்கு லெட்டர் கெடைக்கலன்னா வேற எங்கயாவது பார்த்துக்குறேன். அந்த ஃபைல மட்டும் அங்கிள் கிட்ட குடுத்துடாதீங்க. நீங்க படிச்சீங்கன்னா புரியும்."

கதவைச் சாத்திவிட்டு ஒரு பென்சிலை எடுத்தேன். மேலே இருந்த தாளில் கட்டங்களையும் எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். தமிழ் எழுத்துகள் பல்லிடுக்கில் சிக்கியதுபோல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கால்மணி நேரமானது.

"என் அண்ணன் சிறையில் இருக்கிறான், ஆண்டவரே. வியாழக்கிழமை மறுபடி ஜாமீன் மனு வருகிறது. வீட்டில் அவன் துபாய்க்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். பேரீச்சம்பழத்தைக்கூட நானே வாங்கி அவன் அனுப்பியதாகக் கொடுத்தேன். அந்தப் பொய்யை மன்னியும். அவனை வெளியே கொண்டுவாரும். இது எட்டாவது புதன். குப்பையை எடுத்துவிட்டுப் படித்துக்கொள்ளும். அந்தப் பொறுமை உமக்கு மட்டும்தான் இருக்கிறது."

கடைசி இரண்டு வாக்கியங்களையும் நான் மூன்றுமுறை படித்தேன். அவை என்னுடைய வாக்கியங்கள். உதடு துடிக்க நின்ற அந்த ஒன்பது வயதுச் சிறுமி கண்முன் வந்து நின்றாள். மர்சலின். அன்று எந்த அண்ணனுக்குப் பயந்து மறைத்து எழுதக் கேட்டாளோ, அதே அண்ணனுக்காக இன்று மறைத்து எழுதியிருக்கிறாள். அவள் பள்ளியில் செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்கு அவளுக்கு வகுப்பு இருக்காது போலும்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது புதன் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவற்றில் ஏழு வாரத்து மன்றாட்டுகளை நான் அழித்திருக்கிறேன். அவள் குப்பையோடு கொடுத்த விண்ணப்பத்தை, குப்பை என்றே நான் வாரி எறிந்திருக்கிறேன். மாமனார் கையிலேயே அவளைப் பிடித்துக் கொடுக்கும் ஃபைலையும் நான்தான் தாள் தாளாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு ஃபாதர் அறையில் உட்கார்ந்தபோது ஃபைல் என் மடியில் இருந்தது. மேலே இருந்த தாளில் என் பென்சில் கோடுகள். யாராவது திறந்தால் கண்ணாடிகூடத் தேவையில்லை, அப்படியே படிக்கலாம்.

"ஃபாதர், இது கேலி இல்ல. உண்மையான மன்றாட்டு," என்றேன். "இத ஆண்ட்ரூ எழுதல. அவன் பேர முதல்ல சொன்னவ நான்தான். அது என் பாவம். அவன் லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போடணும்."

"அவன் எழுதலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார் ஃபாதர்.

"எழுதினது யாருன்னு தெரிஞ்சதால."

விக்டர் நிமிர்ந்தார். "யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"அந்தப் பையன் சொன்ன அதே பாட்டு! இன்னா டீச்சர், ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களா?"

"இப்படிக் குப்பை போட்டு எழுதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். என் மறைக்கல்வி வகுப்புல, ரொம்ப வருஷம் முன்னாடி. இந்தப் பங்குல பாதிப் பேரு அந்த வகுப்புல உக்காந்தவங்க. அதுல ஒருத்தர். அவ்வளவுதான் சொல்லுவேன்."

"ஏழு எட்டு வாரமா நம்மள அலைய விட்டவன் யாருன்னு தெரிய வேணாமா? ஃபைலக் குடுங்க. நானே பிரிச்சிப் பார்க்கிறேன்." கையை நீட்டினார்.

நான் ஃபைலின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன். பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உண்மையையும் சொல்ல முடியாது. மாதாவை நினைத்துக்கொண்டேன். பிறகு என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"அண்ணே, பதினோரு வருஷமா பெட்டியத் தொறக்கிறேன். பேர் இல்லாமப் போட்டாலும் கையெழுத்து இருக்குமே. கல்யாணப் பதிவேட்டுல, ஞானஸ்நானப் பதிவேட்டுல எல்லார் கையெழுத்தையும் பார்க்கிறவ நான். மை என்ன நிறம்னு கூடத் தெரியும். யாரு எதுக்காக அழுதாங்கன்னு தெரியும். இந்த வாய் ஒருத்தர் பேரச் சொன்னதில்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி போட்டவங்க பேரையும் சொன்னதில்ல, நேத்துப் போட்டவங்க பேரையும் சொல்ல மாட்டேன். இத நீங்க திறந்து தேடினா, நாளையிலேருந்து அந்தப் பெட்டியில யாரு அண்ணே எதப் போடுவாங்க?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு தவக்காலத்தில், பெட்டிக்குள் ஒன்பது வாரம் ஒன்பது தாள்கள் வந்தன. பச்சை மை. அவற்றில் ஒரு தகப்பன் என்ன கேட்டிருந்தார் என்பதை இங்கேயும் எழுதமாட்டேன். அந்த ஒன்பதையும் நான் வாசித்தேன். ஒன்பதாவது புதன் அவர் முதல் வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடி நின்றார். நான் அதைப் பார்க்காததுபோல் இருந்தேன்.

விக்டரின் கை மெல்ல அவர் சட்டைப்பைக்குப் போனது. அங்கே பேனா இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். நான் சொன்னது மிரட்டலாகப் போய்விட்டதோ என்று எனக்கு உடம்பு கூசியது. மிரட்டவில்லை என்பதை அவர் கண்களைப் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று தலையைக் குனியாமல் இருந்தேன்.

"ஃபைல் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்," என்றார் கடைசியில். குரலே வேறு மாதிரி இருந்தது. "ஃபாதர், அந்தப் பையன் லெட்டர எடுங்க. பேரவை சார்புல நானும் ஒரு கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் காலை ஆண்ட்ரூ கடிதத்தை வாங்க வந்தான். கீழே ஃபாதரின் நீல மையும் விக்டரின் பச்சை மையும் இருந்தன. அவன் அதை இரண்டு தடவை பார்த்தான்.

"ஆண்ட்ரூ, உன் பேர முதல்ல சொன்னது நான்தான்பா. என்ன மன்னிச்சிடு."

"தெரியும் டீச்சர்."

"எப்படி?"

"பிரிண்டர் ஒயர் தானா கழலல. யாரோ பதமாக் கழட்டி, கீழ விழாம டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க. கோயில்ல அவ்ளோ ஒழுங்கா திருட்டு வேல பண்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்." சிரித்தான். "விடுங்க டீச்சர். அது படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அது போதும்," என்றான். வெளியே ஜைதூன் பீயின் பெட்டி கேட்டுக்கு வெளியே காத்திருந்தது. அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் அடையாறு பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்று மாலை நவநாளில் எல்லா மன்றாட்டுகளையும் வாசித்த பிறகு, கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன். "ஆண்டவர் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு மன்றாட்டுக்காக."

மூன்றாவது வரிசையில் மகனை மடியில் வைத்திருந்த மர்சலின் ஒரு கணம் நிமிர்ந்தாள். நான் கண்ணைத் தாளை விட்டு எடுக்கவில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஜனங்கள் பதில் சொன்னபோது, அவளுக்குப் பக்கத்தில் நின்ற விக்டரின் குரல் எல்லோருடைய குரலுக்கும் மேலே கேட்டது.

ஆனால் எட்டில் ஒன்றுதான் தீர்ந்தது. ஏழு என் கணக்கில் நின்றது. அவள் ஒன்பது என்று எண்ணுவாள். நான் அழித்த ஏழு மன்றாட்டுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தெரிவித்து அவள் மனதை உடைப்பதில் யாருக்கும் நன்மையில்லை. அதற்காக அந்த ஏழு புதன்களும் என்னை விட்டுவிடுமா?

அன்று மதியமே தொடங்கியிருந்தேன். பன்னிரண்டரை மணிக்குக் கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள். பக்கக் கதவு வழியாக உள்ளே போய், நான் வழக்கமாக வாசிக்கும் இடத்தில் நின்று, முதல் தாளை எடுத்தேன். முந்தின இரவே பென்சிலால் குப்பையை நீக்கி வைத்திருந்தேன். மைக் போடவில்லை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்து, சத்தமாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். முடிவில் ஜனங்கள் சொல்லும் பதிலையும் நானே சொன்னேன். அடுத்த நாள் இரண்டாவது தாள். அதற்கடுத்த நாள் மூன்றாவது. மூன்றாவதில் அவள் அண்ணனுக்கு முதுகுவலி என்று எழுதியிருந்தாள். ஐந்தாவதில் அன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை என்றும், அதையும் கேட்டுக்கொள்ளும் என்றும் இருந்தது.

ஏழாவது நாள் செவ்வாய்க்கிழமை. மறுநாள் திருநீற்றுப் புதன். நெற்றியில் பூசும் சாம்பலுக்காக, போன வருடத்துக் காய்ந்த குருத்தோலைகளை வீடுகளிலிருந்து சேகரித்து, ஒரு சாக்கில் பக்கக் கதவருகே வைத்திருந்தார்கள். மாலையில் எரிப்பார்கள்.

கடைசித் தாளை வாசித்து முடித்தேன். பதிலையும் சொன்னேன். எட்டாவது தாளையும் சேர்த்து எல்லாவற்றையும் சிறிதாக மடித்து, சாக்கின் நடுவில், ஓலைகளுக்கு அடியில் கை போகும் ஆழத்துக்குச் செருகினேன். "ஆதாரம்" என்று எழுதிய வெறும் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்பதாவது வரும் இரண்டேகாலுக்கு முன்பாக, மேசைக்குத் திரும்பினேன்.